துணை விமானி வேலைக்கு 60,000 ரூபாய் சம்பளம், 20 லட்சம் ரூபாய் பாண்டு: தம்பி கையெழுத்திடலாமா?

கானாடுகாத்தான் வாசகி கேட்கிறார்:

வணக்கம். என் தம்பிக்கு 23 வயது. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த பையன். அங்கே விமானம் எதுவும் வந்து அவன் பார்த்ததில்லை. ஆனால் ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது. வணிக விமானி உரிமமான சி.பி.எல். பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கில் 200 மணிக்குச் சற்றே அதிகம் இருக்கிறது. பயிற்சிக்கு மொத்தம் 58 லட்சம் ரூபாய் செலவாயிற்று. அப்பச்சியின் சேமிப்பும் ஆத்தாவின் நகையில் ஒரு பகுதியும் போக, 40 லட்சம் வங்கிக் கடன். ஊரில் உள்ள வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது என்பதால் அதை ஈடு வைக்க வழியில்லை. காரைக்குடியில் இருந்த மனையின் பத்திரத்தைக் கொடுத்தோம். பத்தரை வட்டி, பத்தாண்டுத் தவணை என்பதால் மாதம் ஏறத்தாழ 54,000 ரூபாய் கட்ட வேண்டும். படிப்புக்குப் பின் கிடைத்த அவகாசமும் முடிந்து, மூன்று மாதங்களாக என் சம்பளத்திலிருந்துதான் கட்டி வருகிறேன்.

இப்போது வடக்கே ஒரு நகரத்தில் இயங்கும், விமானத்தை வாடகைக்கு ஓட்டும் சார்ட்டர் நிறுவனம் ஒன்று அவனைத் துணை விமானியாக எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மூன்று விமானங்கள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின்படி, இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி பெறும் பயிற்சிச் செலவு 9 லட்சத்தை என் தம்பியே கட்ட வேண்டும். பயிற்சி முடியும்வரை மாதம் 20,000 உதவித்தொகை, பிறகு 60,000 சம்பளம், பறக்கும் மணிக்குத் தனிப்படி கிடையாது. மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும். அதற்குள் எந்த நாளில் விலகினாலும் 20 லட்சம் கட்ட வேண்டும்; இதுதான் பாண்டு. அசல் சான்றிதழ்களையும் தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும். “நிறுவனம் அழைக்கும் எந்நேரமும் பணிக்குத் தயாராக இருத்தல்” என்று ஒரு வரி இருக்கிறது. விடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இந்தத் துறையில் இதுதான் வழக்கமா? இப்படிச் சேர்ந்தால் பெரிய விமான நிறுவனங்களுக்குப் போக வழி பிறக்குமா? வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பள்ளத்தூர் பெரியவர்:

பையனை அனுப்பி வையுங்கள் ஆச்சி. எங்கள் ஐயா பதினாறு வயதில் ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்குப் போனவர். மொகல் தெருவில் நம்மவர்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் படுத்து எழுந்து, கணக்கெழுதப் பழகி, ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாகி, பிறகு கடையையே பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டாக உயர்ந்தார். முதல் கணக்கு, அதாவது முதல் பணித் தவணையான மூன்று ஆண்டுக்கும் அவர் ஊர் திரும்பவில்லை. நம் ஊரில் அத்தனை பெரிய வீடுகளும் அப்படிச் சொற்பச் சம்பளத்துக்குப் போய்த் தொழில் கற்றவர்கள் கட்டியவைதாம். மூன்று ஆண்டு என்பது நமக்குப் புதிதும் அன்று. வீட்டில் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு உரிமம் இருந்து என்ன பயன்?

கோட்டையூர் விமானி:

பெரியவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. சி.பி.எல். வாங்கிவிட்டு வீட்டில் இருப்பது மிகவும் ஆபத்தானது. ஆண்டுதோறும் முதல் வகுப்பு மருத்துவத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கருவித் தகுதிச் சோதனையை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதற்கென்று விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்க வேண்டும். வரவே இல்லாமல் செலவு மட்டும் நிற்காது. போட்டியும் அப்படி. 2023-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,622 சி.பி.எல். வழங்கப்பட்டன. அதே ஆண்டில்தான் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்த செய்தி வந்து, பிள்ளைகள் எல்லாரும் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஓடினார்கள். ஆணை கொடுத்த விமானங்கள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும், வரும் விமானத்துக்கு முதலில் தேவைப்படுபவர் கேப்டன் என்பதையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நான் 2017 முதல் ஐந்து ஆண்டுகள் இதே போன்ற சார்ட்டர் நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தேன். சம்பளத்தை விடுங்கள்; வேலை எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்கு விமான நிலையத்தில் இருப்பேன். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அடியில் தண்ணீர் முத்து உருள்கிறதா என்று பார்ப்பேன். பறப்புத் திட்டத்தைப் பதிவு செய்து, வான்பாதுகாப்பு அனுமதி எண்ணைத் தொலைபேசியில் கேட்டு முழங்காலில் கட்டிய அட்டையில் எழுதிக்கொள்வேன். பயணிகளின் பெட்டிகளைக் கைத்தராசில் தொங்கவிட்டு நிறுத்து எடைக் கணக்குப் போடுவேன். ஐந்து பேர் என்று சொன்ன இடத்தில் ஏழு பேர் வந்து நிற்பார்கள், கணக்கை மறுபடி போட வேண்டும். சாண்ட்விச் பெட்டியை ஏற்றுவதும் முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைப்பதும் நானேதான்.

ஒன்பது மணிக்கு ஒரு சிறிய ஊரில் இறங்கிவிடுவோம். பயணி கூட்டத்துக்குப் போய்விடுவார். அந்த ஓடுதளத்தில் உட்கார அறை கிடையாது. இறக்கையின் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்காருவோம். ஒரு நாள் மாலை ஐந்தே முக்கால் வரை பயணி வரவில்லை. திரும்பிப் போகும் வழியில் இன்னொரு ஊரில் இறங்க வேண்டும், அங்கே ஓடுதள விளக்கு இல்லை, சூரியன் மறைந்தபின் இறங்கக்கூடாது. எங்கள் கேப்டன் “இனி அங்கே இறங்க முடியாது” என்று சொல்லிவிட்டார். பயணி அங்கேயே நின்று முதலாளிக்குத் தொலைபேசியில் பேசினார். கேப்டன் அசையவில்லை. ஆனால் அவருக்கு 4,000 மணி நேர அனுபவம் இருந்தது, எந்தப் பாண்டும் இல்லை, ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் 20 லட்சம் கடனாளியான 23 வயதுப் பையன் இருந்து, அவன் முடிவு சொல்ல வேண்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பாண்டைப் பற்றி என் கவலை பணத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது மணிக்கணக்கு. சார்ட்டர் விமானம் ஆள் கேட்டால்தான் பறக்கும். முதல் ஆண்டில் நான் 230 மணி பறந்தேன், அடுத்த ஆண்டில் 310. சட்டப்படி ஒரு விமானி 12 மாதத்தில் 1,000 மணி வரை பறக்கலாம். பெரிய நிறுவனத்தில் அதற்குப் பக்கத்தில் போய்விடுவார்கள். கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். என் வேகத்தில் அது எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது சம்பளம் பாதியாயிற்று, பறப்பு நான்கில் ஒரு பங்காயிற்று. பிறகு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தபோது, சிறு விமான அனுபவம் நேர்முகத் தேர்வில் மரியாதை தேடித் தந்தது. ஆனால் ஏர்பஸ் டைப் ரேட்டிங்குக்கு என் கையிலிருந்து மறுபடியும் 15 லட்சம் போயிற்று. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேட்பதைவிட, அங்கே இப்போது இருக்கும் துணை விமானி ஒருவரைத் தேடிப் பிடித்து, கடந்த 12 மாதத்தில் அவர் லாக் புக்கில் எத்தனை மணி ஏறியது, பயிற்சி முடிந்ததாக எழுதித் தர எத்தனை மாதம் இழுத்தார்கள், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேளுங்கள். மூன்று விமானம் என்றீர்களே, அவற்றில் எத்தனை பறக்கும் நிலையில் உள்ளன என்பதையும் கேளுங்கள். ஒன்று பழுது பார்க்கும் கூடத்தில் மாதக்கணக்கில் நிற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். நின்றால் உங்கள் தம்பியும் நிற்பான்.

ஒரு எச்சரிக்கை. பறக்காத மணியைப் பறந்ததாக எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அன்றே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். பேனாவால் பறந்த மணிக்கு எங்கள் வட்டாரத்தில், ஒரு பேனாவின் பெயராலேயே, “பார்க்கர் 51” என்று பெயர். அகப்பட்டால் போவது வேலையோடு நிற்காது, உரிமமே போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. பயிற்சிப் பள்ளியில் உதவிப் பயிற்றுநராகச் சேரலாம். சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும், கோடை வெயிலில் செஸ்னா 152 என்ற சிறு விமானத்துக்குள் மாணவனோடு உட்கார்ந்து வேக வேண்டும். ஆனால் அந்த மணி எல்லாம், விமானத்தின் தலைமைப் பொறுப்பில் உள்ள விமானியாகப் பறந்த மணியாக ஏறும். என் நண்பர் ஒருவர் அப்படி ஓராண்டில் 550 மணி சேர்த்தார்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

நம் கல்யாணங்களில் சீர்ச் சாமான் பரப்பும்போது எவர்சில்வர் டம்ளரைக்கூட எண்ணிப் பட்டியலில் எழுதுகிறோம். அப்படிப்பட்ட நாம், பிள்ளையின் மூன்று ஆண்டுகளை எழுதிக் கொடுக்கும் தாளை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்று பதறுகிறோம். முதலில் அந்தப் பதற்றத்தை விடுங்கள்.

பாண்டு என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. ஒரு நிறுவனத்தில் இருக்கும் காலத்துக்குள் விலகாதே என்று கட்டுப்படுத்துவதை, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாக நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுவதில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலகிய பின்னும் வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதினால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு குறுக்கே வரும்.

ஆனால் எழுதிய தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடும் என்றும் பொருள் இல்லை. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகையை மேல் வரம்பாக வைத்து, அதற்குள் நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்கிறது. உங்கள் தம்பியின் ஒப்பந்தத்தில் எனக்கு உறுத்துவது இந்த இடம். பயிற்சிச் செலவு 9 லட்சத்தையும் கட்டுபவன் அவன். அவன் விலகினால் நிறுவனத்துக்கு 20 லட்சம் இழப்பு எங்கிருந்து வருகிறது? முதல் மாதத்தில் விலகினாலும் முப்பத்தைந்தாவது மாதத்தில் விலகினாலும் ஒரே இழப்பு எப்படி வரும்? நிறுவனம் செலவழித்த தொகையை 36-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பங்கு கழிய வேண்டும் என்று கேளுங்கள். நியாயமாகத் தொழில் செய்பவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

வெற்றுக் காசோலையைக் கொடுக்கவே கூடாது. கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுத்த காசோலையை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறது. அது பணமின்றித் திரும்பினால் 138-ஆம் பிரிவின் கீழ்க் குற்ற வழக்கு. கடன் இருக்கிறது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை பையன் மேல் விழும். உரிமையியல் நீதிமன்றத்தில் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று வாதாட வேண்டிய விஷயத்தை, காசோலை ஒன்று குற்றவியல் நீதிமன்றத்துக்கு இழுத்துப் போய்விடும்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதற்கு நீதிமன்றத்தில் நியாயம் கற்பிப்பது கடினம். ஆனால் திரும்பப் பெற நீங்கள் வழக்குப் போட்டு வருவதற்குள் அடுத்த வேலை கைநழுவிவிடும். அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும்.

பாண்டு முடிந்தாலும் மறுநாளே கிளம்ப முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் வெளியிட்ட விதிப்படி துணை விமானி 6 மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிறுவனம் விரும்பினால் முன்னதாக விடுவிக்கலாம். அந்தக் காலத்தில் சம்பளத்தைக் குறைத்தால் முன்னதாக விடுவிக்கும்படி விமானி கேட்கலாம்.

காரைக்குடிக்காரன், இப்போது நியூ ஜெர்சி:

“எந்நேரமும் பணிக்குத் தயார்” என்ற வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2009 பிப்ரவரி 12 அன்று இங்கே நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் புறப்பட்ட கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்ததே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. இருவருமே களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் சொன்னது. துணை விமானி சியாட்டிலில் பெற்றோருடன் இருந்தவர். முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானத்தில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் விசாரணையில் 16,000 டாலர் அளவில் சொல்லப்பட்டபோதுதான், வேலை செய்யும் ஊரில் ஓர் அறைகூட எடுக்க முடியாத சம்பளம் விமானிக்கு இருக்கிறது என்று இந்நாட்டு மக்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு 2013-இல் பயணிகள் விமானத் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி வேண்டும் என்ற விதி வந்தது, 2014-இல் ஓய்வு விதிகள் இறுகின. தகுதியான ஆள் குறைந்ததும் சம்பளம் ஏறியது. 2022-இல் பீட்மாண்ட், என்வாய் போன்ற சிறு நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. இந்தியாவிலும் அட்டவணைப்படி பறக்கும் நிறுவனங்களுக்கு 2024 ஜனவரியில் வந்த திருத்தம் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியிருக்கிறது. உங்கள் தம்பியின் ஒப்பந்தத்தில் அந்த 48 மணியை எழுத்தில் கேளுங்கள். அந்த நகரத்தில் அறை வாடகைக்கு 60,000-இல் என்ன மிஞ்சும் என்பதையும், வங்கித் தவணைக்கு முன்னால், ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பள்ளத்தூர் பெரியவர்:

நேற்று எழுதிய பின் மனம் கேட்கவில்லை; இரண்டாம் கட்டில் இருக்கும் பெட்டகத்தைத் திறந்து ஐயாவின் வேலை ஒப்பந்தமான சம்பளச்சீட்டை எடுத்துப் படித்தேன். மூன்று ஆண்டு என்று நான் சொன்னது சரிதான். ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதியை அவர் புறப்படும் முன்பே பாட்டியான ஆயாவின் கையில் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் செலவும் சாப்பாடும் கடைக் கணக்கில் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முன்பணம் கொடுத்தவர் முதலாளி. அதனால் அவருக்கு மூன்று ஆண்டு கேட்கும் உரிமை இருந்தது. இங்கே முன்பணம் கொடுப்பவன் பையன், கட்டுப்படுபவனும் பையன். ஆச்சி, நான் முதலில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கானாடுகாத்தான் வாசகி:

அனைவருக்கும் நன்றி. தம்பி அங்கே இருக்கும் துணை விமானி ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசினான். கடந்த 12 மாதத்தில் அவருக்கு ஏறியது 190 மணி. மூன்று விமானத்தில் ஒன்று எஞ்சின் கழற்றிய நிலையில் நிற்கிறதாம். ஐந்து மாதம் என்று சொன்ன பயிற்சி அவருக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த 20,000 மட்டுமே வந்திருக்கிறது.

வழக்கறிஞர் ஐயா சொன்னபடி நாங்கள் கடிதம் எழுதினோம். பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்றால் அந்த 9 லட்சத்துக்கு மாதந்தோறும் குறையும் பாண்டுக்குச் சம்மதம், காசோலை கிடையாது, அசல் சான்றிதழ் கிடையாது, வாரத்தில் 48 மணி ஓய்வு எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது. சான்றிதழ் நகல் போதுமாம், பாண்டு 12 லட்சமாகக் குறையுமாம், மாதந்தோறும் கழிக்கவும் சம்மதமாம். காசோலையும் 9 லட்சமும் “நிறுவனக் கொள்கை” என்பதால் மாற்ற முடியாதாம். ஓய்வைப் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது, நாங்கள் கையெழுத்திடவில்லை. தம்பி பயிற்சிப் பள்ளி ஒன்றில் உதவிப் பயிற்றுநர் தகுதிக்கு விண்ணப்பித்து, பேசுவதற்காக நாளைக் காலை பல்லவனில் சென்னைக்குப் புறப்படுகிறான். தவணையை இன்னும் ஓராண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கோட்டையூர் அண்ணன், உதவிப் பயிற்றுநர் வேலைக்கும் பாண்டு கேட்பார்களா, கேட்டால் எவ்வளவு வரை நியாயம் என்பதை மட்டும் இன்று இரவுக்குள் எழுதினால் அவன் ரயிலேறும் முன் படித்துக்கொள்வான்.

கோட்டையூர் விமானி:

சில பள்ளிகள் ஓராண்டு இருக்கச் சொல்லும். தகுதிக்கான பறப்புச் செலவை அவர்கள் ஏற்றால் அது நியாயம்தான். பையன் கட்டினால் ஒரு நாளும் எழுதிக் கொடுக்க வேண்டாம். மாதத்துக்குக் குறைந்தது எத்தனை மணி பறக்கக் கொடுப்பார்கள் என்று கேட்டு, அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லட்டும். போனவுடன் அலுவலகத்துக்குள் நுழையாமல், முதலில் வெளியே நின்று எத்தனை விமானங்கள் மேலே போகின்றன என்று ஒரு மணி நேரம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.